முகக்கவசத்துக்கு மேலே தெரிவதை வைத்து முடிவு கட்டாதீர்கள்

இந்த வாரமும் ஒரு பெரியவரை என்னிடம் அனுப்பியிருந்தார்கள். “கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறார், சிடுசிடுப்பாக இருக்கிறார், மறதி நோயாக இருக்கலாம்” என்று குறிப்பு. கேட்புத் திறனையும் பேச்சையும் சோதிப்பது என் வேலை. அவருக்கும் சளி, காய்ச்சல் இல்லை, எனக்கும் இல்லை. ஜன்னலைத் திறந்துவைத்து, சற்றுத் தள்ளி உட்கார்ந்து, கவசத்தைக் கழற்றிவிட்டுப் பேசினேன். பேரப்பிள்ளைகளின் படிப்பு முதல் மாத்திரை நேரம் வரை எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னார். அவருக்கு இருந்தது காது மந்தம். முதலில் பார்த்தவர் கவசத்தோடு, கணினித் திரையைப் பார்த்தபடியே கேள்வி கேட்டிருக்கிறார். இப்படி எத்தனை பேர் வந்துவிட்டார்கள்!

முகக்கவசம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொற்று இருக்கும் இடத்தில் அது கட்டாயம் வேண்டும், நானும் போடுகிறேன். கவசம் போட்ட முகத்தைப் பார்த்து ஆளைப் பற்றி ஒரு முடிவுக்கு வருகிறோமே, அதைத்தான் சொல்கிறேன்.

“கண்ணைப் பார்த்தாலே எல்லாம் தெரிந்துவிடும்” என்று நன்றாகப் படித்தவர்கள்கூடச் சொல்கிறார்கள். தெரியாது. ஜெர்மனியின் பாம்பெர்க் பல்கலைக்கழகத்தில் கார்பன் என்ற உளவியலாளர் 2020-இல் இதைச் சோதித்தார். கவசம் போட்ட முகத்தில் மகிழ்ச்சி, சோகம், கோபம் மூன்றையும் பலர் ‘எந்த உணர்ச்சியும் இல்லை’ என்றே படித்தார்கள். அருவருப்பைக் கோபமாக எடுத்துக்கொண்டார்கள். பயம் மட்டும்தான் பெரும்பாலும் தப்பியது, ஏனென்றால் அது விரிந்த கண்ணில் தெரிகிறது. சிரிப்பு அப்படி இல்லை. மரியாதைக்குச் சிரிக்கும் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும். மனம் விட்டுச் சிரித்தால்தான் கண்ணைச் சுற்றியுள்ள தசை சுருங்கும். 19-ஆம் நூற்றாண்டிலேயே டுஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைக் காட்டிவிட்டார். வரவேற்பு மேசையில் நீங்கள் நாள் முழுக்கச் சிரிக்கும் பண்பான சிரிப்பு எதிரில் இருப்பவரைப் போய்ச் சேரவே இல்லை. அவர் பார்ப்பது வெறும் முறைப்பு. பதிலுக்கு அவர் முகமும் இறுகும். உடனே “சிடுசிடுப்பான ஆள்” என்று எழுதிவிடுகிறீர்கள்.

இது எவ்வளவு சீக்கிரம் நடக்கிறது தெரியுமா? பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் வில்லிஸும் டொடோரோவும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் முகத்தைக் காட்டினாலே நம்பத் தகுந்தவரா இல்லையா என்று மக்கள் மதிப்பிட்டுவிட்டார்கள். அதிக நேரம் காட்டியபோது மதிப்பீடு பெரிதாக மாறவில்லை. அதன் மேல் இருந்த நம்பிக்கைதான் கூடியது.

முதியவர்களுக்கு முகத்தோடு ஒலியும் போய்விடுகிறது. சாதாரண அறுவை மாஸ்க் உயர் சுருதி ஒலிகளை 3, 4 டெசிபெல் குறைக்கும். என்95 சுமார் 12 டெசிபெல் வரை குறைக்கும். வயதால் வரும் காது மந்தம் தொடங்குவதும் அதே உயர் சுருதியில்தான். ‘பட்டு’, ‘தட்டு’, ‘கட்டு’ மூன்றும் ஒன்றாகக் கேட்கும்போது, உதடு சேர்வதைப் பார்த்துத்தான் ‘பட்டு’ என்று பிடித்துக்கொள்கிறார்கள். அந்த உதட்டையும் மூடிவிட்டு, ஞாபகசக்திக் கேள்விகளை வாசித்து மதிப்பெண் போட்டால் என்ன நியாயம்? கத்தினாலும் பயனில்லை. உயிரெழுத்துகள்தான் உரக்கக் கேட்கும், அதோடு நீங்கள் திட்டுவது போலவும் இருக்கும். உதடு தெரியும் கண்ணாடிக் கவசம், உதடு படிப்பவர்களுக்கு நல்லது. ஆனால் அது அறுவை மாஸ்கைவிட ஒலியை அதிகம் தடுக்கிறது என்பதையும் மறக்கவேண்டாம்.

சின்னக் குழந்தைகள் வேறு மாதிரி. 3 முதல் 5 வயதுக் குழந்தைகள், 6 வயதுக்கு மேற்பட்டவர்களைவிடக் கவச முகத்தின் உணர்ச்சியைப் படிக்கத் திணறுகிறார்கள் என்று 2021-இல் இத்தாலியில் நடந்த ஆய்வு காட்டியது. அறைக்குள் வந்ததும் வீறிடும் குழந்தையைப் “பிடிவாதம்” என்கிறார்கள். வாசலிலேயே நின்று முகத்தைக் காட்டிச் சிரித்துவிட்டு, அதன் கண் முன்னால் கவசத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். பாதி அழுகை குறையும். பெற்றோருக்கும் ஒன்று: “எல்லாரும் மாஸ்க் போட்டதால்தான் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை” என்று சொல்லிக்கொண்டு தயவுசெய்து காத்திருக்காதீர்கள். வீட்டில் உங்கள் முகத்தைப் பார்த்துத்தானே வளர்கிறது? பேச்சு தாமதமானால் முதலில் காதைச் சோதியுங்கள்.

வளரிளம் பிள்ளைகளைப் பற்றி யாரும் யோசிப்பதே இல்லை. திக்குவாய் உள்ள பிள்ளைகள் சிலர் கவசத்தைக் கழற்றவே மாட்டார்கள். சொல் வராமல் உதடு நடுங்குவதை அது மறைத்துவிடுகிறது. பார்ப்பவருக்கோ அலட்சியமாக நிற்கும் பிள்ளையாகத் தெரிகிறது. வற்புறுத்திக் கழற்றச் சொல்லாதீர்கள், பதிலுக்கு அவசரப்படுத்தவும் செய்யாதீர்கள்.

நடுவயதினர் சமாளித்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறோம். ஹாங்காங்கில் 1,030 நோயாளிகளோடு நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், மருத்துவர் கவசம் போட்டிருந்தபோது அவருடைய பரிவைக் குறைவாகவே உணர்ந்தார்கள்.

சரி, என்ன செய்யலாம்? முகம் தெரியும் பெரிய புகைப்படத்தை நெஞ்சில் மாட்டுங்கள். பெயரைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்குங்கள். முகம் சொல்லாததை வாயால் சொல்லுங்கள்: “உங்களைப் பார்த்ததில் சந்தோஷம்”, “கோபம் இல்லை, மெதுவாகச் சொல்லுங்கள்”. வெளிச்சம் உங்கள் முகத்தில் விழும்படி உட்காருங்கள். டிவியை அணையுங்கள். ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். செவித்துணைக் கருவி போட்டவர்களுக்குக் காதில் மாட்டும் மாஸ்க் வேண்டாம், கழற்றும்போது கருவியும் சேர்ந்து விழும். தலைக்குப் பின்னால் கட்டுவதைக் கொடுங்கள்.

அப்புறம், மருத்துவம் பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். “குழப்பமாகப் பேசுகிறார்” என்று எழுதும் முன் அவர் கேள்வியைத் திருப்பிச் சொல்கிறாரா என்று பாருங்கள். சொல்லவில்லையென்றால் தாளில் பெரிதாக எழுதிக் காட்டுங்கள். அதன் பிறகும் குறிப்பு எழுத வேண்டியிருந்தால், “முகக்கவசத்தோடு பேசினேன், கேட்புச் சோதனை செய்யவில்லை” என்று கூடவே ஒரு வரி சேருங்கள். அடுத்துப் பார்ப்பவர் மறுபடி ஒருமுறை கேட்டுப் பார்ப்பார்.