இரவு 2 மணி பி.பி.

"சிஸ்டர், எங்கய்யாவுக்குக் குளுக்கோஸ் ஏறவே இல்ல. நீங்க எழுதிக்கிட்டே இருக்கீங்களே?"

உசிலம்பட்டிப் பக்கத்து மகன் ஒருவர் இரவு டூட்டியில் என்னிடம் கேட்டது. மறுநாள் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. விட்டுப்போன ரிஜிஸ்டர்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். அவருடைய ஐயாவின் கேஸ் ஷீட்டில் 2 மணி பி.பி.யைக்கூட 120/80 என்று எழுதிவிட்டேன். மணி அப்போது ஒன்றரைதான்.

அரசு மருத்துவமனைகளுக்கான தேசியத் தர உறுதித் திட்டம் வந்தது 2013-ல். நேரில் பார்ப்பது, ஊழியரிடம் கேட்பது, நோயாளியிடம் கேட்பது, பதிவேட்டைப் புரட்டுவது என நாலு வழியில் மதிப்பெண் போடுவார்கள். 70 சதவீதம் எடுத்தால் சான்றிதழ். திட்டத்தைக் குறை சொல்ல மாட்டேன். எமர்ஜென்சி ட்ராலியை ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் சரிபார்க்கும் பழக்கம் எங்களுக்கு அதனால்தான் வந்தது. ஆனால் முந்தின ராத்திரியே உட்கார்ந்து தயார் செய்ய முடிவது பதிவேடு ஒன்றைத்தான். அதனால் அதையே பிடித்துக்கொள்கிறோம்.

ஆள் இருந்தால் பதிவேடு, நோயாளி இரண்டையும் பார்க்கலாம். இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கில், மருத்துவக் கல்லூரி அல்லாத மருத்துவமனையின் பொது வார்டில் 5 படுக்கைக்கு ஒரு நர்ஸ். அன்று நான் ஒருத்தி, நோயாளிகள் 38 பேர்.

இந்தச் சீர்திருத்தங்களோடு ஒப்பந்த வேலையும் வந்தது. 2015-ல் தேர்வு எழுதி வந்த நர்ஸ் பிள்ளைகளுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். பிறகு கூட்டினார்கள், சரி. ஆனால் வேலை எப்போது நிரந்தரமாகும் என்று காத்திருப்பவள், "பார்க்காமல் எழுத மாட்டேன்" என்று மேலே உள்ளவரிடம் சொல்வாளா? நிரந்தர வேலையில் இருந்த நானே சொல்லவில்லை. துப்புரவும் ஏஜென்சி கைக்குப் போய்விட்டது. தரையில் வாந்தி கிடந்தால் சூப்பர்வைசருக்குப் போன் போட வேண்டும். அவர் எடுப்பதற்குள் யாராவது வழுக்கி விழுவார்களே என்று நானே துணி போட்டுத் துடைத்ததும் உண்டு.

நோயாளியோடு இருப்பவர்களுக்கு ஒன்று. "கொஞ்சம் வந்து பாருங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள். "சாயங்காலத்திலிருந்து மூத்திரம் போகல", "ஊசி போட்ட கை வீங்கியிருக்கு" என்று கண்டதைச் சொல்லுங்கள். யாரிடம் முதலில் ஓட வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும்.

அன்று எழுந்து போய் அந்தப் பெரியவருக்கு பி.பி. பார்த்தேன். 84/50. டூட்டி டாக்டரை எழுப்பி, விடிவதற்குள் 108-ல் மதுரை பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினோம். எழுதியிருந்த 120/80-ஐ அடித்துத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். காலையில் வந்த குழு அந்தப் பக்கத்தைப் பார்த்து, அடித்தல் திருத்தல் இருப்பதாகக் குறித்துக்கொண்டது.