பழைய பகையாளி ஊரிலேயே காத்திருப்பது ஏன்?

திகில் நாவல்களில் அடிக்கடி வரும் கதை இது. சிறுவயதில் ஏதோ ஒரு தீய சக்தியிடம் மாட்டித் தப்பிய பிள்ளைகள் வளர்ந்து, வெளியூரில் வேலை, குடும்பம் என்று நிம்மதியாக இருப்பார்கள். நடந்ததில் பாதி நினைவிலேயே இருக்காது. ஊர் திரும்பிய அன்றே பழைய பகையாளியும் வந்து நிற்பான். பேய் உண்டா இல்லையா என்ற வழக்குக்குள் நான் போகப்போவதில்லை. ஆனால் மறந்துபோன பயம் அதே இடத்தில் உயிர்பெறுவது வெறும் கற்பனை அல்ல.

நம் பக்கத்து ஆள் ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், நிபோங் தெபால் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர். கொல்லை வாழைமரங்களில் பொந்தியானாக் என்ற மலாய்ப் பெண்பேய் குடியிருக்கிறாள் என்று ஆறு வயதில் அக்காள் சொல்லி வைத்திருந்தாள். ஒரு மழை இரவில் பின்கட்டுக் கழிப்பறைக்குப் போனபோது மின்சாரம் நின்றது. ஈர இலைகளுக்கு நடுவிலிருந்து ஏதோ அலறியது. பூனையாகத்தான் இருக்கும். இன்று அவர் பாயான் பாருவில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். சந்தையில் வாழையிலை வாங்கும்போது கை நடுங்குவதில்லை.

அந்த அலறல் காதில் விழுந்தபோது மூளையில் என்ன நடந்திருக்கும்? ஒலி தாலமஸ் என்ற பகுதிக்குப் போய், அங்கிருந்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு பாதை, ‘இது என்ன சத்தம்’ என்று ஆராயும் மூளைப் புறணிக்கு. மற்றொன்று, பாதாம்பருப்பு வடிவிலுள்ள அமிக்டலாவுக்கு நேராக. நெஞ்சு படபடப்பதும் உள்ளங்கை வியர்ப்பதும் அமிக்டலா கிளப்பிவிடும் வேலை. எலிகளில் ஒலியை ஆராயும் புறணியைச் சேதப்படுத்திய பிறகும் அவை ஒலிக்குப் பயப்படக் கற்றுக்கொண்டதை 1980களில் நரம்பியல் ஆய்வாளர் ஜோசப் லெடூ காட்டினார். பயப்படுவதற்கு, இன்னது என்று புரிந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. இருட்டு, மழைச் சத்தம், ஈர மண் வாசனை என்று அக்கணத்தில் சுற்றி இருந்த எல்லாமே அலறலோடு முடிச்சுப் போடப்படுகின்றன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது உளவியலில் சோதித்துப் பார்க்கப்பட்ட உண்மை. 1920இல் ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் ஒரு கைக்குழந்தைக்கு வெள்ளை எலியைக் காட்டியபடியே இரும்புத் தண்டை அடித்துப் பயமுறுத்தினார்கள். பிறகு குழந்தை முயலைக் கண்டும், ரோமக் கோட்டைக் கண்டும் அழுதது. அந்தப் பயத்தைப் போக்காமலேயே விட்டுவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

கதை மறந்து பயம் மட்டும் மிஞ்சுவதும் உண்டு. 1911இல் ஸ்விட்சர்லாந்தின் எத்வார் கிளாபரேத், புதிய நினைவுகள் தங்காத ஒரு பெண்ணோடு கைகுலுக்கும்போது விரலிடுக்கில் ஊசியை மறைத்துக் குத்தினார். பிறகு அந்தப் பெண்ணுக்கு நடந்தது எதுவும் நினைவில்லை. கையை மட்டும் நீட்ட மறுத்தார். ‘எங்கே, எப்போது’ என்ற கதையைக் கோக்கும் ஹிப்போகேம்பஸ் வேறு, பயத்தைக் காக்கும் அமிக்டலா வேறு. சிறுவயதில் ஹிப்போகேம்பஸ் முழுமையாக முதிர்ந்திருப்பதும் இல்லை.

சரி, பெரியவர்களான பிறகு பயம் எங்கே போகிறது? எங்கும் போவதில்லை. 1924இல் உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் வெளியிட்ட ஆய்வில், முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற சிறுவனை, முயலுக்கு அஞ்சாத பிள்ளைகளோடு விளையாட விட்டு மெல்ல மெல்லப் பழக்கினார். நடுவில் பீட்டர் காய்ச்சலில் விழுந்தான். மருத்துவமனையிலிருந்து கிளம்பும்போது ஒரு பெரிய நாய் மேலே பாய, முயல் பயம் பழைய அளவுக்கே திரும்பியது. மறுபடி தொடங்கி, இந்த முறை பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்தபடி முயற்கூண்டை மெல்ல மெல்ல அருகே கொண்டுவந்து, கடைசியில் முயலைத் தொடவும் வைத்தார். பயம் தணிவது என்பது, சுவரில் கிறுக்கியதன் மேல் சுண்ணாம்பு அடிப்பதுதான். கிறுக்கல் அடியில் அப்படியே இருக்கும்.

இந்தச் சுண்ணாம்பு எல்லா இடத்திலும் ஒட்டுவதும் இல்லை. 1970களின் இறுதியிலிருந்து உளவியலாளர் மார்க் பவுட்டன் செய்த சோதனைகளில், எலிகள் ஒரு கூண்டில் பயப்படக் கற்றன. வேறு கூண்டில் அந்தப் பயம் தணிக்கப்பட்டது. முதல் கூண்டுக்குத் திரும்பியதும் பயமும் திரும்பியது. பயம் எங்கே போனாலும் கூடவே வரும்; ‘பயமில்லை’ என்ற பாடமோ படித்த இடத்தை அதிகம் சார்ந்திருக்கும். நெற்றிக்குப் பின்னாலுள்ள மூளைப் புறணி அமிக்டலாவை அடக்குவதற்கு முன், ‘நாம் இப்போது எங்கே இருக்கிறோம்’ என்று ஹிப்போகேம்பஸைக் கேட்கிறது. நம் ஆள் பாடம் படித்தது பாயான் பாரு சந்தையில். தோட்டத்தில், மழையில், அதே கொல்லையில் அந்தப் பாடம் செல்லுபடியாகாமல் போகலாம்.

முனீஸ்வரர் கோயிலில் மந்திரித்துக் கட்டிய கயிறு மனத்துக்குத் தெம்பு தரும், மறுக்கவில்லை. ஆனால் கயிறு இருந்ததால்தான் ஒன்றும் ஆகவில்லை என்று மூளை கணக்கு எழுதிக்கொண்டால், கொல்லையைப் பற்றி அது புதிதாக எதுவும் கற்காது. பையில் மாத்திரை இருந்தால்தான் கூட்டத்துக்குள் போவேன் என்பவர்களுக்கும் இதே சிக்கல்.

அதனால்தான் பயத்தை நேர்கொள்ள வைக்கும் சிகிச்சை ஆலோசகரின் அறையோடு நின்றுவிடக் கூடாது. நம் ஆளுக்கென்றால் முதலில் வாழைத்தோப்பின் படம், பிறகு பகலில் வேறொரு தோப்பு, பிறகு தோட்டத்துக் கொல்லை, அந்தி, மழை என்று இடத்தையும் வேளையையும் மாற்றிக்கொண்டே போக வேண்டும். அடி, உதை, வன்கொடுமை என்று உண்மையான ஆட்களால் வந்த பயமானால், இதைத் தானாகச் செய்து பார்க்காமல் பயிற்சி பெற்ற உளவியலாளரோடு செய்வதுதான் சரி.