பெட்டியில் லூமன், மேசையில் லக்ஸ்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் எந்த மின்சாமான் கடையில் பல்பு கேட்டாலும், "எத்தனை வாட்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். வாட் என்பது பல்பு தின்னும் மின்சாரம். வெளிச்சத்தின் அளவு லூமன். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த சுமார் 800 லூமனை இன்றைய எல்இடி 8, 9 வாட்டிலேயே தந்துவிடுகிறது.

லூமன் கணக்கில் மனிதக் கண்ணுக்கும் பங்குண்டு. பகலில் நம் கண்ணுக்கு மிக நன்றாகத் தெரிவது 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை. அந்த நிறத்தில் 1 வாட் ஒளி, 683 லூமன். அதே 1 வாட் அகச்சிவப்பாக வந்தால் பூஜ்யம். குண்டு பல்பு தோற்றது இங்கேதான். தின்றதில் பெரும்பகுதியை அகச்சிவப்பாகவே வெளியே விட்டது.

சரி, 800 லூமன் பல்பை மாட்டியாயிற்று. பிள்ளையின் புத்தகத்தில் எவ்வளவு விழுகிறது? அதைச் சொல்வது லக்ஸ். ஒரு சதுர மீட்டரில் 1 லூமன் விழுந்தால் 1 லக்ஸ்.

பல்பு எல்லாத் திசையிலும் சமமாக ஒளி வீசுவதாக வைத்துக்கொள்வோம். 800ஐ 12.57ஆல், அதாவது 4π (4 பை) ஆல் வகுத்தால் சுமார் 64 கேண்டெலா. இது ஒரு திசையில் செல்லும் ஒளியின் செறிவு. மெழுகுவத்திச் சுடர் ஒன்று ஏறக்குறைய 1 கேண்டெலா. 1 மீட்டர் தள்ளி 64 லக்ஸ் கிடைக்கும். 2 மீட்டரில் வெறும் 16! தூரம் இரட்டித்தால் வெளிச்சம் காலாகிவிடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கூரை விளக்குக்கும் மேசைக்கும் இடையே கிட்டத்தட்ட அந்த 2 மீட்டர்தான். வெள்ளைச் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தரும் என்றாலும், அலுவலகங்களில் படிக்க, எழுதப் பரிந்துரைக்கப்படும் 500 லக்ஸ் எங்கே, இது எங்கே? அதே பல்பு மேசை விளக்கில் அரை மீட்டருக்கு இறங்கினால் 255 லக்ஸ். மேலே போகும் ஒளியைக் கீழே திருப்பும் மூடி இருந்தால் இன்னும் கூடும். கூரைக்குப் பெரிய பல்பு வாங்குவதைவிட இதுவே மலிவு.

நண்பகல் வெயிலோ சுமார் 100,000 லக்ஸ். மர நிழலில்கூட ஆயிரக்கணக்கில் இருக்கும். கிட்டப்பார்வை மலிந்த சிங்கப்பூரில், பிள்ளைகளைத் தினமும் 2 மணி நேரம் வெளியே விடச் சொல்வதற்கு இந்த வெளிச்சமும் ஒரு காரணம். மேசை விளக்கால் அதை ஈடுகட்ட முடியாது.

அளந்து பார்க்க ஆண்ட்ராய்டு போனில் லக்ஸ் செயலி ஒன்று போதும். ஒளியை உணரும் பாகம் பெரும்பாலும் முன்பக்கக் கேமராவை ஒட்டியே இருப்பதால், திரை மேலே பார்க்கும்படி போனைப் புத்தகத்தின்மேல் வையுங்கள். அளவு துல்லியமாக இராது. ஆனால் மேசையை எந்த மூலைக்கு நகர்த்தலாம் என்று முடிவுசெய்ய அது தாராளம்.