அக்காவுக்குக் காவிப்பல், தம்பிக்கு வெள்ளைப்பல்

தருமபுரியில் பல் மருத்துவம் பார்க்கிற யாரும் நிலத்தடி நீரைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம் பக்கமிருந்து வரும் பிள்ளைகள் பலருக்கு முன்பல்லில் சுண்ணாம்பு தடவின மாதிரி குறுக்கே வெள்ளைக் கோடுகள் இருக்கும், கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு அதுவே காவி நிறமாகியிருக்கும். கூட வந்த அம்மா முதலில் பிள்ளையைத்தான் திட்டுவார், "ஒழுங்கா பல்லு விளக்குனாத்தானே டாக்டரம்மா!" என்று. செங்கல்பொடியும் உப்பும் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்து, கறை போகாமல் பல்தான் தேய்ந்துபோய் வந்தவர்களும் உண்டு. சிரிக்கும்போது கையால் வாயைப் பொத்திக்கொள்ளும் பெண்பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறாது. பல் விளக்குவதற்கும் அந்தக் கறைக்கும் சம்பந்தமே இல்லை. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃபுளோரைடு என்ற உப்பு, பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருந்தபோதே பல்லின் மேலுறையான எனாமலைக் கெடுத்துவிட்டது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. சுற்றுச்சூழல் என்று ஆரம்பித்தாலே நம் ஊர் மக்கள் காதில் விழுவது இரண்டுதான்: உலகம் அழியப்போகிறது, அதற்கு நீங்கள்தான் காரணம். குடத்தோடு குழாயடியில் நிற்கிறவரிடம் போய் இதைச் சொன்னால் அவர் என்ன செய்வார், தலையாட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். அதே ஆளிடம் ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்து அவர் பிள்ளையின் பல்லைக் காட்டிப் பேசினால் கேள்வி மேல் கேள்வி வருகிறது. போர் ஆழமாகப் போட்டால் நல்ல தண்ணி வருமா, பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏன் இல்லை, ஏரி நிரம்பினால் குறையுமா? ஒரு சூழல் ஆய்வாளர் கேட்க வேண்டிய கேள்விகளை எல்லாம் அந்த அம்மாவே கேட்டுவிடுகிறார்.

பதிலும் நம் காலுக்கடியிலேயே இருக்கிறது. இங்கே மண்ணைக் கொஞ்சம் தோண்டினாலே கடினப் பாறை, அந்தப் பாறையின் தாதுக்களில் ஃபுளோரைடு உண்டு, தண்ணீர் எவ்வளவு காலம் பாறையிடுக்கில் தங்குகிறதோ அவ்வளவு கரைத்துக்கொள்ளும். அதனால் ஆழமாகப் போட்ட போர்தான் நல்ல தண்ணீர் தரும் என்று நம்பி ஆயிரம் அடி இறக்கினால், பல இடங்களில் ஃபுளோரைடு கூடத்தான் செய்யும். புதிதாக இறங்கும் மழைத் தண்ணீர் கலந்தால் செறிவு குறையும். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தரக் கணக்கு. 2004-ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது, இந்தத் தண்ணீர்ப் பிரச்சினை மட்டும் இரண்டுக்கும் பொதுவாகவே இருக்கிறது.

இனி நான் உண்மையிலேயே சொல்ல வந்தது. ஒரே வீட்டிலிருந்து அக்காவும் தம்பியும் வருவார்கள். அக்கா சின்னக் குழந்தையாக இருந்தபோது வீட்டில் போர் தண்ணீர், அவளுக்குக் காவிப்பல். தம்பி பிறப்பதற்குள் குழாயில் ஒகேனக்கல் தண்ணீர், அதாவது காவிரி ஆற்றுத் தண்ணீர் வந்துவிட்டது, அவனுக்கு விழுந்து முளைத்த முன்பல் பளிச்சென்று வெள்ளை. ஜப்பான் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டி 2013-ல் தொடங்கிவைத்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைப் பற்றி எத்தனை அறிக்கை வேண்டுமானாலும் படிக்கலாம், ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து "ஈ காட்டுங்க" என்று சொன்னால் போதும், கெட்டுப்போன ஒன்றைச் சரிசெய்ய முடியும் என்று பாட்டிக்கும் புரிந்துவிடும். முன்பல்லின் எனாமல் பிறந்ததிலிருந்து நான்கு வயதுக்குள் உருவாகி, ஆறேழு வயதில்தான் பல்லாக வெளியே வருகிறது. அதனால் இன்று வீட்டில் ஒரு கைக்குழந்தைக்குக் கொடுக்கும் தண்ணீரின் பலன் சில வருஷத்தில் சிரிப்பிலேயே தெரியும். சுற்றுச்சூழல் வேலையில் இவ்வளவு சீக்கிரம், இவ்வளவு கண்ணெதிரே பலன் தெரிவது அபூர்வம், இதை நாம் ஊர் ஊராகக் காட்டவே இல்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

பள்ளி முகாம்களில் இப்போதெல்லாம் பல் விளக்கும் முறையை சீக்கிரமே முடித்துவிட்டு, பிள்ளைகள் கொண்டுவந்த தண்ணீரைச் சோதிக்க உட்கார்ந்துவிடுகிறோம். சின்னக் குப்பியில் தண்ணீர், அதில் சில சொட்டு மருந்து, நிறம் மாறியதும் அட்டையில் அச்சிட்ட நிறத்தோடு ஒப்பிட வேண்டும். அவ்வளவுதான், இடமே களைகட்டிவிடும். "எங்க வீட்டு போர் உங்களுதவிட பரவால்ல", "எங்க ஆயா வீட்டுக் கிணத்துத் தண்ணி கொண்டாரட்டுமா மிஸ்" என்று மொய்த்துக்கொள்கிறார்கள். அன்று சாயங்காலம் வீட்டில் என்ன பேச்சு ஓடும் என்று நான் சொல்லவே வேண்டாம். அப்புறம் ஏரி வரத்துக்கால்வாயை யார் அடைத்தார்கள் என்ற பேச்சு ஊர்க் கூட்டத்தில் தானாக வருகிறது.

சில விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும். துணியில் வடிகட்டுவதும் உதவாது. ஒகேனக்கல் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீரைத் துணி துவைக்க, குளிக்க, பாத்திரம் கழுவப் பயன்படுத்துங்கள், குடிக்கவும் சமைக்கவும் மட்டும் நல்ல தண்ணீரைத் தனியாகப் பிடித்து வையுங்கள். மேல்நிலைத் தொட்டியில் இரண்டையும் கலந்து ஏற்றினால் கிராம சபையில் கேளுங்கள். மாடி மழைநீரில் ஃபுளோரைடு மிகக் குறைவு, முதல் மழையை விட்டுவிட்டு மூடிய தொட்டியில் சேர்த்து, காய்ச்சிக் குடிக்கலாம். நம் கேழ்வரகுக் களியும் சும்மா இல்லை, அதிலிருக்கும் கால்சியம் ஃபுளோரைடு உடம்பில் ஏறுவதைக் குறைக்க உதவும். ஏற்கெனவே கறை வந்தவர்களுக்கும் சிகிச்சை இருக்கிறது, வெட்கப்பட்டு வீட்டிலேயே இருக்காதீர்கள்.

தண்ணீரைச் சோதிக்க நினைப்பவர்கள் மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிய பிளாஸ்டிக் பாட்டிலில் பிடியுங்கள், கண்ணாடி பாட்டில் வேண்டாம். பாட்டில்மேல் ஊர், போரின் ஆழம், பிடித்த தேதி எழுதிக் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுக்கலாம். கைக்குழந்தை இருக்கும் வீடுகள் முதலில் செய்யுங்கள்.