ஃபயர்பாக்ஸ் கட்டிய சுவர்

ஒரு செய்தித்தளத்தைத் திறந்தால் முகவரிப் பட்டையில் ஒரு பெயர்தான் தெரியும். ஆனால் அந்தப் பக்கம் வந்து சேர்வதற்குள் உங்கள் உலாவி பல விளம்பர நிறுவனங்களின் சர்வர்களோடும் பேசி முடித்திருக்கும். அவை ஒவ்வொன்றும் உங்கள் கணினியில் ஒரு எண்ணை எழுதிவைக்கலாம். இதுதான் குக்கி. 1994இல் நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்தில் லூ மோண்டுல்லி இதை உருவாக்கியபோது, வாங்க வந்தவர் கூடையில் என்ன போட்டார் என்பதை இணையக் கடை மறக்காமல் இருந்தால் போதும் என்பதே நோக்கம்.

ஒரே விளம்பர சர்வர் ஆயிரக்கணக்கான தளங்களுக்குள் உட்கார்ந்திருப்பதில்தான் வினை இருக்கிறது. காலையில் மருந்துக்கடைத் தளத்தில் எழுதிய எண்ணை மாலையில் பயண முன்பதிவுத் தளத்தில் அது மறுபடி படிக்கிறது. உங்கள் பெயரே தேவையில்லை. இரண்டு இடத்துக்கும் வந்தவர் ஒருவர்தான் என்று தெரிந்தால் போதும்.

நீங்கள் திறந்த தளமல்லாமல் இப்படி வேறு சர்வர்கள் வைக்கும் வெளியார் குக்கிகளை அடியோடு தடுத்தால் சில தளங்களில் உள்நுழைவதே கெட்டுப்போகும். ஃபயர்பாக்ஸ் உலாவி வேறு வழி கண்டது. குக்கியை யார் வைத்தார் என்பதோடு, எந்தத் தளத்தில் நீங்கள் இருந்தபோது வைத்தார் என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்கிறது. தளத்துக்கு ஒரு டப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள்: மருந்துக்கடை டப்பாவில் போட்ட எண், பயணத் தளத்தின் டப்பாவில் கிடைக்காது. அதே விளம்பர சர்வருக்கு நீங்கள் அங்கே புது ஆள். 2021இல் அறிமுகமான இந்த ஏற்பாடு, 2022இலிருந்து யாரும் அமைப்புகளைத் தேடிப் போய் இயக்கத் தேவையில்லாமல் தானாகவே செயல்படுகிறது. பெரும்பாலோர் அமைப்புகள் பக்கத்தைத் திறப்பதே இல்லை என்பதால், பாதுகாப்பு இயல்பாகவே இயங்கும்படி வைப்பதுதான் பெரிய காரியம்.

குக்கி இல்லாமலும் ஆளைப் பிடிக்கலாம். திரையின் அளவு, எழுத்துருக்கள், நேர மண்டலம் போன்றவற்றைக் கூட்டினாலே உலாவிக்கு ஒரு கைரேகை கிடைத்துவிடும். இணைய உரிமைகளுக்காகப் பாடுபடும் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010இல் சோதித்த உலாவிகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்டவை இப்படித் தனித்து அடையாளம் தெரிந்தன. இங்கேதான் எண்ணிக்கை குறுக்கே வருகிறது. கூட்டம் பெரிதாக இருந்தால் ஒளிந்துகொள்ளலாம். உங்கள் உலாவியைப் பயன்படுத்துவோர் குறையக் குறைய, அதைப் பயன்படுத்துவதே ஓர் அடையாளமாகிவிடுகிறது.

அந்தக் கூட்டம் கரைந்துவிட்டது. 2004இல் வெளிவந்து, இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரின் தனியாட்சியை உலுக்கிய ஃபயர்பாக்ஸ், 2009 வாக்கில் உலாவிச் சந்தையில் ஏறக்குறைய 30 சதவீதத்தைத் தொட்டது. 2008இல் வந்த கூகுளின் குரோம் வேகமாக இருந்தது, கூகுள் முகப்பிலேயே விளம்பரமும் செய்தது. பிறகு கைபேசிகள்: ஆண்ட்ராய்டில் குரோம் கூடவே வந்தது, ஐபோனில் எந்த உலாவியும், பக்கத்தைத் திரையில் காட்டும் உள்மென்பொருளாக, ஆப்பிளின் எஞ்சினைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. இன்று ஃபயர்பாக்ஸின் பங்கு சில சதவீதம்தான். ஓபரா 2013இலும் மைக்ரோசாஃப்ட் எட்ஜ் 2020இலும் குரோமின் எஞ்சினுக்கு மாறின.

இதனால் என்ன குடிமுழுகிப்போகும் என்று கேட்கலாம். பெரும்பாலோர் கையில் குரோம் இருக்கும்போது, கூகுள் எடுக்கும் முடிவுதான் அவர்களுக்கும் முடிவு. வெளியார் குக்கிகளை இரண்டே ஆண்டுகளில் ஒழிப்பதாக 2020இல் கூகுள் அறிவித்தது. தள்ளித் தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. விளம்பர வருமானத்தில் வாழும் நிறுவனம் வேறென்ன செய்யும்?

ஆனால் ஃபயர்பாக்ஸும் தூய தியாகி அல்ல. அதன் தயாரிப்பாளரான மோசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, ஃபயர்பாக்ஸில் முதலிலேயே அமைந்திருக்கும் தேடுபொறியாக இருப்பதற்குக் கூகுள் தரும் பணம். பயனர் தரவை ஒருபோதும் விற்க மாட்டோம் என்ற வாசகத்தை 2025 பிப்ரவரியில் மோசில்லா தன் தளத்திலிருந்து நீக்கியபோது, அதை நம்பிய பழைய பயனர்கள் கொதித்தார்கள். 'விற்பனை' என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் விளக்கம்தான் காரணம் என்று மோசில்லா சொன்னது. எனக்கு அது திருப்தியாக இல்லை. தேடல் சந்தையில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் செய்ததாக அமெரிக்க நீதிபதி அமித் மேத்தா 2024இல் தீர்ப்பளித்தார். அதன் தொடர்ச்சியாக அந்தப் பணத்தையே தடைசெய்யலாமா என்ற கேள்வி எழுந்தது. தடை வேண்டாம் என்று நீதிமன்றத்தில் வாதாடியவர்களில் மோசில்லாவும் ஒன்று. 2025 செப்டம்பரில் வந்த ஆணை, பணம் கொடுப்பதைத் தடைசெய்யவில்லை.