ஒரே ஸ்டீராய்டு, துறைக்குத் துறை வேறு முடிவு

ஒரே மருந்து உயிரைக் காப்பாற்றியது என்று ஓர் ஆய்வும், இறப்பைக் கூட்டியது என்று இன்னோர் ஆய்வும் சொன்னால், இரண்டில் ஒன்று பொய் என்றுதான் படிப்பவர்களுக்குத் தோன்றும். மன்னார்குடி வட்டாரத்தில் பொது மருத்துவம் பார்க்கும் என்னிடம், கைபேசியில் வந்த செய்தியைக் காட்டி, உடம்பின் எதிர்ப்பாற்றலையும் வீக்கத்தையும் அடக்கும் ஸ்டீராய்டு மருந்து நல்லதா கெட்டதா என்று கேட்பவர்கள் பலர். இரண்டு ஆய்வுகளும் உண்மையாகவே இருக்க முடியும். எந்த நோயாளிக்கு, நோயின் எந்தக் கட்டத்தில், எத்தனை நாள் கொடுத்துச் சோதித்தார்கள் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் ஆய்வு முடிவுக்குப் பொருள் உண்டு.

பிரிட்டனில் 2020இல் நடந்த ரெகவரி ஆய்வில், மருத்துவமனையில் சேர்ந்த கொரோனா நோயாளிகளுக்கு டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டை நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் வீதம் அதிகபட்சம் 10 நாள் கொடுத்தார்கள். செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பிரிவில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 41.4 சதவீதம், மருந்து பெற்ற பிரிவில் 29.3 சதவீதம். ஆக்சிஜன் மட்டும் வைக்கப்பட்டவர்களிடமும் இறப்பு 26.2 சதவீதத்திலிருந்து 23.3 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் ஆக்சிஜனே தேவைப்படாதவர்களில், மருந்து பெறாத பிரிவில் 14 சதவீதமும் பெற்ற பிரிவில் 17.8 சதவீதமும் இறந்தார்கள். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றாலும், அவர்களுக்கு நன்மை கிடைத்தது என்று சொல்ல இடமே இல்லை. நோயின் தொடக்கத்தில் கிருமியோடு போராட உடம்பின் எதிர்ப்பாற்றல் தேவை. பிற்பாடு அதே ஆற்றல் கட்டுமீறி நுரையீரலைத் தாக்கும்போதுதான் அதை அடக்கும் மருந்து உதவும். 2021இல் இரண்டாம் அலை வந்தபோது, காய்ச்சல் கண்ட முதல் நாளே இந்த மாத்திரையை வாங்கி விழுங்கியவர்களுக்கு, செய்தியின் முதல் பாதி மட்டுமே போய்ச் சேர்ந்திருந்தது.

நம் பகுதியில் இதைவிட அதிகம் பேசப்பட வேண்டியது கண். தை மாதத்துச் சம்பா அறுவடையின்போது, நெற்சுணையோ வைக்கோல் துணுக்கோ கண்ணில் பட்டு, கருவிழியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, அதன் வழியாகப் பூஞ்சை உள்ளே போய்விடுகிறது. கண் சிவந்து உறுத்தியதும், மருந்துக்கடையில் சொல்லி ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொள்வார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் மறுநாளே சிவப்பும் வலியும் குறையும். குணமாகிவிட்டது என்று நினைத்து மீண்டும் களத்துக்குப் போவார்கள். உள்ளே பூஞ்சையோ தடுப்பாரின்றி வளரும். கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி தெரிந்து, கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வரும்போது பெரும்பாலும் பத்து, பதினைந்து நாள் கடந்திருக்கும். அந்த நிலையில் கண்ணாஸ்பத்திரிக்கு அனுப்புவதைத் தவிர என்னால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

இதற்கான ஆய்வுகள் நம் தமிழ்நாட்டு நோயாளிகளிடமே நடந்தவை என்பதைப் பெருமையோடு சொல்ல வேண்டும். பாக்டீரியாவால் வந்த கருவிழிப் புண்ணுக்கு, கிருமிக்கொல்லி மருந்து விட்டு 48 மணி நேரம் கழித்து ஸ்டீராய்டையும் சேர்த்தால் பார்வை மேம்படுமா என்று 500 நோயாளிகளிடம் சோதித்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் அரவிந்த் கண் மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள். 2012இல் வெளியான முடிவின்படி, மூன்று மாதம் கழித்து இரு பிரிவினரின் பார்வையிலும் ஒட்டுமொத்தத்தில் வித்தியாசம் இல்லை. பூஞ்சைப் புண் உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அவர்களுக்கு ஸ்டீராய்டு கெடுதல் செய்யும் என்பது முன்பே தெரியும். பூஞ்சைப் புண்ணுக்கென்று தனியாக நடந்த ஆய்வு 2013இல் வெளியானது. அதில் புதிய மருந்தான வோரிகோனசோலைவிடப் பழைய நாட்டமைசின் சொட்டு மருந்தே நல்ல பலன் தந்தது. புண்ணிலிருந்து சிறிது சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தபின் மருந்து கொடுக்க வேண்டும் என்று கண் மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

தலைக்காயத்தில் கிடைத்த முடிவு இன்னும் கடுமையானது. மூளை வீக்கம் வடியும் என்ற நம்பிக்கையில் பல்லாண்டுகள் ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டு வந்தது. கிராஷ் என்ற ஆய்வில் 10,008 பேரைச் சேர்த்து ஒப்பிட்டு, 2004இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் மருந்து பெற்ற பிரிவில் 21.1 சதவீதம், பெறாத பிரிவில் 17.9 சதவீதம். அத்தோடு அந்தப் பழக்கம் கைவிடப்பட்டது.

குறைப்பிரசவத்தில் இடமும் ஒரு காரணமாகிறது. ஏழு மாதத்தில் வலி கண்ட தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரலை முதிரச் செய்யும் என்பது 1972 முதல் தெரிந்த செய்தி. ஆனால் இந்தியா உட்பட ஆறு நாடுகளில், வசதி குறைந்த பகுதிகளில் இதைப் பரவலாக்கிப் பார்த்த ஆய்வு, பச்சிளங்குழந்தை இறப்பு ஒட்டுமொத்தமாகச் சற்றுக் கூடியதாக 2015இல் தெரிவித்தது. பிறகு, கர்ப்ப வாரத்தைச் சரியாகக் கணித்து, குழந்தையைப் பேணும் வசதியுள்ள மருத்துவமனைகளில் மட்டும் நடத்திய ஆய்வில் இறப்பு 23.5 சதவீதத்திலிருந்து 19.6 சதவீதமாகக் குறைந்தது. அது 2020இல் வெளியானது. மாதம் முடியாமல் வலி வந்தால், பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கே நேராகப் போகச் சொல்வதற்கு இது போதிய காரணம்.

நடவு நட்டே தேய்ந்த முழங்கால்களோடு வரும் பெண்களிடம்தான் எனக்குக் கவலை அதிகம். மூட்டுக்குள் மூன்று மாதத்துக்கொரு முறை ஸ்டீராய்டு ஊசி போட்டு இரண்டாண்டு கவனித்த ஆய்வு 2017இல் வெளியானது. வலியில் வித்தியாசம் இல்லை, குருத்தெலும்பு மட்டும் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. இதுவாவது அளவு தெரிந்த ஊசி. பெயரே இல்லாமல் பொட்டலத்தில் மடித்துத் தரும் மாத்திரைகளில் என்ன இருக்கிறது என்று வாங்குபவருக்குத் தெரிவதில்லை. ஸ்டீராய்டு கலந்த அத்தகைய மாத்திரையைச் சாப்பிட்டு முகம் உருண்டால் உடம்பு தேறிவிட்டது என்று வீட்டார் மகிழ்கிறார்கள். தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியாததையும், சர்க்கரை ஏறியதையும் அதோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

அப்படி மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்தவர்கள், இதைப் படித்துவிட்டு மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. உடம்பு தானாகச் சுரக்க வேண்டிய ஸ்டீராய்டு அதற்குள் அடங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மீதமுள்ள பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். இரத்தச் சர்க்கரையையும் அழுத்தத்தையும் பார்த்து, சிறிது சிறிதாகக் குறைக்கும் முறையை அவர் எழுதித் தருவார்.