கிளறாத பானையில் பதம் பார்க்கலாமா?

2020 அமெரிக்க அதிபர் தேர்தல் முடிந்த மறுநாள் அதிகாலையில் பென்சில்வேனியாவில் ஆறு லட்சத்துக்கும் அதிகமான வாக்குகள் முன்னிலையில் இருந்த டொனால்ட் டிரம்ப், சில நாட்களில் அம்மாநிலத்தைச் சுமார் 80,000 வாக்குகளில் ஜோ பைடனிடம் இழந்தது எப்படி, இதில் தில்லுமுல்லு இல்லை என்று எதைக்கொண்டு நம்புவது என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

முதல் பாதிக்கு விடை எளிது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது கிளறிவிட்ட பானைக்கே பொருந்தும். பெருந்தொற்றுக் காலத்தில் ஜனநாயகக் கட்சியினர் பெருமளவில் அஞ்சலில் வாக்களித்தனர். அஞ்சல் வாக்கை டிரம்ப் ஓயாமல் பழித்ததால் குடியரசுக் கட்சியினர் பெரும்பாலும் சாவடிக்கே சென்றனர். ஆக, கட்சிப் பிளவு வாக்களிக்கும் முறையையும் இரண்டாகப் பிரித்துவிட்டது. அஞ்சல் உறைகளைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் பிரிக்கக் கூடாது என்பது பென்சில்வேனியச் சட்டம். வந்திருந்தவையோ சுமார் 26 லட்சம். அவை பிந்தி எண்ணப்பட்டதால் பானையின் ஒரு பகுதி மட்டுமே முதலில் கண்ணில் பட்டது. உறைகளை முன்கூட்டியே பிரிக்க அனுமதித்த புளோரிடாவில் அன்றிரவே முடிவு தெரிந்துவிட்டது.

இரண்டாம் பாதிதான் சுவையானது. எல்லாச் சீட்டுகளையும் மீண்டும் எண்ணாமலே முடிவு சரிதானா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இடர் வரம்புத் தணிக்கை என்று இதைச் சொல்லலாம். பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் புள்ளியியலாளர் பிலிப் ஸ்டார்க் வளர்த்தெடுத்தது. ஒருவர் 60 சதவீதமும் மற்றவர் 40 சதவீதமும் பெற்றதாக அறிவித்திருக்கிறார்கள் என்று கொள்வோம். கையில் ஒரு ரூபாயுடன் தொடங்கி, சீட்டுகளைக் குலுக்கல் முறையில் ஒவ்வொன்றாக எடுக்கிறோம். வென்றவருக்கு விழுந்த சீட்டு வந்தால் கையிருப்பை 1.2ஆலும், தோற்றவருக்கு விழுந்தது வந்தால் 0.8ஆலும் பெருக்குகிறோம். இருபது ரூபாய் சேர்ந்ததும் முடிவு சரி என்று நிறுத்திவிடலாம். சேராவிட்டால், தேவையானால் கடைசிச் சீட்டு வரைக்கும் கையால் எண்ண வேண்டும்.

இதில் என்ன சூட்சுமம்? உண்மையில் இருவரும் சமமாகவே வாக்கு வாங்கியிருந்தால் 1.2உம் 0.8உம் சம வாய்ப்பில் வரும். இரண்டின் சராசரி சரியாக 1. அதாவது யாருக்கும் சாதகமில்லாத சூதாட்டம். அத்தகைய ஆட்டத்தில் ஒரு ரூபாயை இருபதாக்கும் வாய்ப்பு இருபதில் ஒன்றுக்கு மேல் போகவே முடியாது. தோற்றதாகச் சொல்லப்பட்டவரே உண்மையில் வென்றிருந்தால் அந்த வாய்ப்பு இன்னும் சுருங்கும். எனவே தவறான முடிவு இந்தச் சோதனையில் தப்பிச் செல்லும் வாய்ப்பு அதிகபட்சம் 5 சதவீதம்தான். அறிவித்த விகிதம் சரியாக இருந்தால் சராசரியாக ஏறத்தாழ 150 சீட்டுகளே போதும், மொத்த வாக்கு ஒரு லட்சமானாலும் ஒரு கோடியானாலும்! பானையின் அளவு முக்கியமில்லை, நன்றாகக் கிளற வேண்டும், அவ்வளவுதான். அதற்காகவே 2017இல் கொலராடோ அதிகாரிகள் பத்து முகப் பகடையைப் பொதுமக்கள் முன்னிலையில் இருபது முறை உருட்டி, எந்தெந்தச் சீட்டுகளை எடுப்பது என்று தீர்மானிக்கும் குலுக்கல் எண்ணைப் பெற்றனர்.

இதன் அடிப்படைக் கணிதம் இரண்டாம் உலகப் போரில் ஆயுதத் தளவாடங்களின் தரத்தைச் சோதிக்க ஆபிரகாம் வால்டு உருவாக்கியது. உடனடிப் பயன் என்ன என்று கேட்டு ஆய்வு நிதியை வெட்டுகிறவர்கள், தளவாடக் கணக்கு வாக்குச்சீட்டுக்கு வந்த கதையைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

வித்தியாசம் குறையக் குறைய வேலை ஏறும். 51க்கு 49 என்றால் சுமார் 15,000 சீட்டுகள் வேண்டும். 2020இல் ஜார்ஜியா மாநிலத்தில் முதல் எண்ணிக்கையில் வித்தியாசம் சுமார் 14,000 வாக்குகள்தான் என்பதால், மாதிரி எடுப்பதைவிட ஏறக்குறைய 50 லட்சம் சீட்டுகளையும் கையால் எண்ணுவதே எளிது என்று முடிவு செய்து எண்ணினர். வென்றவர் மாறவில்லை. ஆயினும் அதே நவம்பரில் கருத்துக்கணிப்பு நடத்தும் பியூ ஆய்வு மையம் கேட்டபோது, தேர்தல் நன்றாக நடந்ததாகச் சொன்ன டிரம்ப் வாக்காளர்கள் 21 சதவீதமே. 2024இல் அவர் வென்ற பிறகு அது 93 ஆயிற்று. இந்தத் தாவலுக்கு எந்தத் தணிக்கையும் காரணமில்லை என்றே எனக்குப் படுகிறது. சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும் சட்டத்தையாவது திருத்தியிருக்கலாம். பென்சில்வேனியாவில் 2024 தேர்தலிலும் அஞ்சல் உறைகளை அன்று காலை 7 மணிக்குப் பிறகே பிரித்தார்கள்.